கமர்கட் கரையும்வரை

வாலிபால் கோச்சுக்கு மூலதனம் இரண்டு. ஒன்று விசில், மற்றது தொண்டை. விசிலை இன்னும் யாரும் கேட்கவில்லை. தொண்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ரயில்வேயில் இருந்தேன். ரயில்வேக்காக ஆடினேன். ரிட்டையர் ஆனபிறகு சேலையூரில், கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளி மைதானத்தில், பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லித் தருகிறேன். அகாடமி நவீன் என்கிற தம்பியுடையது. என் வயதில் பாதிகூட இருக்காது. சம்பளம் தருகிறான், அதனால் முதலாளி. போன வருஷம் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தான். வந்த அன்றே சட்டம் போட்டான். இனிமேல் மைதானத்தில் திட்டு கிடையாது. பிள்ளைகள் மனசு நோகக் கூடாது. தப்பைச் சொல்வதற்கு முன்னால் ஒரு நல்லது சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் ஒரு நல்லது சொல்ல வேண்டும். பிரெட்டுக்கு நடுவே ஆம்லெட் வைக்கிற மாதிரி என்று விளக்கினான். எனக்கு ஆம்லெட் மட்டும் போதும் என்றேன். சிரித்தான். சட்டம் மாறவில்லை.

டீச்சர்கள், டியூஷன் மாஸ்டர்கள், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர்கள், சொந்தப் பிள்ளைக்கு சைக்கிள் சொல்லிக்கொடுத்துப் பார்த்த அப்பாக்கள், உங்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

பாராட்டினால் என்ன ஆகும்

சட்டம் வந்த மறுநாளே நந்தினியிடம் மாட்டினேன். நந்தினி டீமிலேயே உயரமான பெண். வாய் அதைவிட நீளம். சர்வீஸ் போடச் சொன்னேன். முதல் பந்து நெட்டில். அடுத்தது கிளாஸ்ரூம் ஜன்னலில். அதற்கடுத்தது சுவரைத் தாண்டி கேம்ப் ரோட்டில். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கி, பந்தைத் திருப்பி எறிந்துவிட்டு என்னைத்தான் முறைத்தார்.

பழைய நாளாக இருந்தால் என் குரல் தாம்பரம் ஸ்டேஷன்வரை போயிருக்கும். விழுங்கினேன். நல்லதாக ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். பந்து நன்றாகத் தூரம் போகிறதம்மா என்றேன். குரலையும் இறக்கிக்கொண்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. பந்தைக் கீழே வைத்தாள். அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. நந்தினி பேசாமல் இருப்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

அடுத்த நாள் அவள் அம்மா வந்தார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. ஷிப்டு முடிந்து, கழுத்தில் தொங்கிய கார்டைக்கூடக் கழற்றாமல் நேராக மைதானத்துக்கு வந்திருந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

"உண்மைய சொல்லுங்க சார், எம் பொண்ணுக்கு உடம்புல எதுனா கீதா? நீங்க நல்லா பேசுனீங்கன்னு வூட்டாண்ட வந்து ஒரே அழுவ."

மிருகம் போய் காய்கறி

திட்டுவதற்கு என்னிடம் ஒரு மிருகக்காட்சி சாலையே இருந்தது. வண்டலூர் பக்கத்தில் இருப்பதால் வந்த பழக்கமோ என்னவோ. எருமை, குரங்கு, ஆந்தை, நேரத்துக்கு ஏற்ற மாதிரி. நவீன் ஒரே நாளில் எல்லாக் கூண்டையும் காலி செய்துவிட்டான். மிருகப் பெயர் கூடாது என்றான். காய்கறி கூடாது என்று சொல்லவில்லை. நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். மறுநாளிலிருந்து காய்கறி. பந்தை விட்டுவிட்டு வாயைப் பிளந்து நிற்பவள் கத்திரிக்காய். இடம் மாறி நிற்பவள் வெங்காயம். கை வழுக்கிப் பந்தை விடுபவள் வெண்டைக்காய்.

விளைவு நான் நினைத்தது இல்லை. பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. தப்புச் செய்துவிட்டு, என்ன காய் வரும் என்று ஆசையாக நின்றார்கள். திட்டு வாங்க வரிசை கட்டுகிற கூட்டத்தை என் ஆயுளில் பார்த்ததில்லை. நந்தினிக்கு மட்டும் மனத்தாங்கல்.

"வெண்டைக்கா வேணா சார். நான்தான் டீம்லயே ஒசரம். முருங்கைக்கா எனக்குத்தான் குடுக்கணும்."

எனக்கு வந்த மெடல்

நவீனுடைய அடுத்த ஏற்பாடு வாராவாரம் மெடல். ஜெயித்ததற்கு இல்லை. முயற்சிக்கு. எல்லோருக்கும் உண்டு, என்ன முயற்சி என்று கோச் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரம் சமாளித்தேன். நேரத்துக்கு வந்தவள், விழுந்தும் அழாதவள், தோழிக்குத் தண்ணீர் கொடுத்தவள். அடுத்த வாரமே சரக்கு தீர்ந்துவிட்டது. ஒருத்திக்கு, தலைமுடியை இறுக்கிக் கட்டியதற்கு என்று மாட்டிவிட்டேன். கை தட்டினார்கள்.

பிள்ளைகள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். மெர்சியை முன்னால் தள்ளினார்கள். மெர்சி எங்கள் செட்டர். அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். பேச்சுக் கம்மி. கையில் ஒரு மெடல் வைத்திருந்தாள். குனியச் சொன்னாள். குனிந்தேன். கழுத்தில் மாட்டினாள். எதற்கு என்று கேட்டேன்.

"இந்த வாரம் ரெண்டு பேரைத்தான் அழ வச்சீங்க சார். போன வாரத்துக்குக் கம்மி. அதான் சில்வர்."

மனசு என்ன கலர்

பள்ளிக்கரணையிலிருந்து ஒரு கவுன்சிலர் அம்மாவைக் கூட்டி வந்தான் நவீன். வார்டு கவுன்சிலர் இல்லை, மனசுக்கு ஆலோசனை சொல்கிறவர். எல்லோரையும் வட்டமாகத் தரையில் உட்காரச் சொன்னார், கோச்சையும் சேர்த்து. என் முட்டி மடங்காது. மடக்கினேன். கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டு, இப்போது உங்கள் மனசு என்ன கலர் என்று சொல்லுங்கள் என்றார். ஒருத்தி ரோஸ் என்றாள். ஒருத்தி வானநீலம். நந்தினி ஜிகினா. என் முறை வந்தது. காக்கி என்றேன். ஏன் என்று கேட்டார். அழுக்குத் தெரியாது என்றேன். அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த கேள்வி, மேட்ச்சில் எதற்குப் பயம். பந்து மூக்கில் படும் என்றாள் ஒருத்தி. என்னைக் காட்டினாள் இன்னொருத்தி. மெர்சி முறை வந்ததும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். காரணம் இருந்தது. மேட்ச் நாள் காலையில் அவள் குழாயடிக்குப் போய் வாந்தி எடுப்பாள். ஒவ்வொரு மேட்ச்சுக்கும். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஆடுவாள். தோற்றுப்போகிற பயம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவள் புல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள்.

"மேட்ச்லாம் பயமில்ல மிஸ். முடிஞ்சதும் அப்பா பின்னாடி பைக்ல உக்காந்து வீட்டுக்குப் போகணும்ல, அதான்."

ஒரு மைதானம், இரண்டு கோச்

மெர்சியின் அப்பா சேவியர். குரோம்பேட்டையில் கணக்கு வாத்தியார், வீடும் அங்கேதான். தங்கமான மனுஷன். மகளுக்காக வாழைப்பழம், குளுக்கோஸ், குடை, மடக்கு நாற்காலி எல்லாம் கொண்டுவருவார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கோட்டுக்கு வெளியே நின்று, மகளின் ஒவ்வொரு பந்தையும் உரக்கத் திருத்துவார். கையைத் தூக்கு என்பார். முட்டியை மடக்கு என்பார். வலது பக்கம் கொடு என்று அவர் கத்துவார், இடது பக்கம் கொடு என்று நான் கத்துவேன். பந்து வரும்போது மெர்சி முதலில் அப்பாவைப் பார்ப்பாள், அப்புறம் என்னைப் பார்ப்பாள். அதற்குள் பந்து தரையைப் பார்த்திருக்கும். மேட்ச் முடிந்தால் பைக்கில் மறுபடி ஒரு வகுப்பு. ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு தப்பு. ஜி.எஸ்.டி. ரோட்டில் சிக்னலுக்கா பஞ்சம்.

நவீனின் ஆம்லெட் முறையில் சேவியரிடம் பேசிப் பார்த்தேன். உங்கள் குடை நன்றாக இருக்கிறது. உங்கள் சத்தத்தில்தான் பிள்ளை வாந்தி எடுக்கிறது. வாழைப்பழமும் நன்றாக இருக்கிறது. பைக் விஷயத்தைச் சொல்லவில்லை. வட்டத்தில் பேசியது வட்டத்தோடு என்று கவுன்சிலர் அம்மா சத்தியம் வாங்கியிருந்தார். (இதை எழுத இப்போது மெர்சியிடம் அனுமதி வாங்கிவிட்டேன். விலை ஒரு குல்ஃபி.)

அவர் கோபப்படவில்லை. போர்டில் எழுதிக் காட்டுகிற நிதானத்தில் பதில் சொன்னார்.

"அவளுக்கு வாந்தி வர்றதே உங்க குரலைக் கேட்டுத்தான் சார். வர்ற டோர்னமென்ட்லயும் வாந்தி எடுத்தான்னா அதோட நிறுத்திடுவேன். வாந்தி எடுத்துட்டு ஆடுற விளையாட்டு என் பொண்ணுக்கு வேண்டாம்."

கல் மாதிரி ஒரு இனிப்பு

அவர் சொன்னது அநியாயம். அந்த அநியாயத்தில் பாதி நியாயம் இருந்ததுதான் எரிச்சல்.

மெர்சியை இழக்க எனக்கு மனமில்லை. அவள் விரலில் பந்து பட்டால் சத்தம் வராது. பூவை எடுத்து வைக்கிற மாதிரி தூக்கிக் கொடுப்பாள். அப்படிப்பட்ட கை சொல்லிக்கொடுத்து வருவதில்லை. அது போகட்டும். அந்தப் பெண்ணுக்குப் பந்து பிடிக்கும். லீவு நாளிலும் வந்து சுவரில் தட்டிக்கொண்டிருப்பாள். பிடித்ததை ஒரு பிள்ளை வாந்தியோடு விட்டுவிட்டுப் போகக் கூடாது.

சிகரெட்டை விட்டதிலிருந்து என் சட்டைப்பையில் கமர்கட் இருக்கும். வெல்லமும் தேங்காயும் காய்ச்சி உருட்டியது, கல் மாதிரி. ஒரு நாள் நந்தினியின் அம்மாவுக்கு ஒன்று கொடுத்தேன். மகளுக்கு வாய் அங்கிருந்துதான் வந்தது. அன்று ஒரு செட் முடியும்வரை அவரிடமிருந்து சத்தமே இல்லை. கன்னம் மட்டும் புடைத்திருந்தது. எனக்குப் பொறி தட்டியது.

அடுத்த பிராக்டிஸ் மேட்ச்சுக்கு, விசில் ஊதும் முன் கோட்டோரம் நின்ற பெற்றோர் எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன், கோயிலில் பிரசாதம் கொடுக்கிற முகத்தோடு. கடிக்கக் கூடாது, தானாகக் கரைய வேண்டும், இது அகாடமி வழக்கம் என்றேன். வயசானவன் கையால் கொடுக்கிற இனிப்பை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சேவியரும் வாயில் போட்டுக்கொண்டார். மைதானத்தில் காக்கா கத்துவது கேட்டது. முதல் பந்து வந்ததும் மெர்சி பழக்க தோஷத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் கன்னம் வீங்கிய கணக்கு வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். சிரித்துவிட்டாள். கோர்ட்டுக்குள் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சேதம் ஒன்றே ஒன்று. ஒரு அப்பா பொறுமை இல்லாமல் கடித்துவிட்டார். கடைவாய்ப் பல்லுக்குப் போட்டிருந்த உறையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பாசிட்டிவ் கோச்சிங்னா பல்லு போகும்னு யாருமே சொல்லலையே சார்."

கைக்கும் ஒரு வழி

வாயை அடைத்தால் கை பேச ஆரம்பிக்கும் என்று நான் யோசிக்கவில்லை. அடுத்த மேட்ச்சில் சேவியர் காற்றில் கோணம் வரைந்தார். முக்கோணம் போட்டார். பந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டார். மெர்சி பந்தை விட்டுவிட்டு மறுபடி அவரைப் படிக்க ஆரம்பித்தாள்.

சேவியரிடம் போய் ஒரு கையில் பந்துப் பையைக் கொடுத்தேன். மறு கையில் தண்ணீர் கேனைக் கொடுத்தேன். கீழே வைத்தால் எறும்பு ஏறும் என்றேன். தண்ணீர் கேனில் எறும்பு எதற்கு ஏறும் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வாய் காலியாக இல்லை. கடைசிவரை இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றார், பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி. மேட்ச் முடிந்து, கமர்கட்டும் கரைந்த பிறகு என்னிடம் வந்தார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"கையும் இல்ல, வாயும் இல்ல. அப்ப நான் எதுக்கு சார் இங்க வரணும்?"

பழைய நண்பரின் கேலி

என்னோடு ரயில்வேயில் ஆடியவர் ஒருவர் இப்போது வேறு ஒரு டீமுக்குக் கோச். அவர் விசில் வாங்கியதே இல்லை. அவர் குரலுக்கு அது தேவைப்படவில்லை. ஒரு மேட்ச்சுக்கு வந்தவர், கன்னம் வீங்கிய பெற்றோர் வரிசையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கோச் வேலையை விட்டுவிட்டு மிட்டாய்க் கடை வை என்றார். அவருடைய டீம் பெற்றோர் அன்று ரெஃப்ரியோடு சண்டை போட்டு, மேட்ச் பாதியில் நின்றுபோய், பிள்ளைகள் கோர்ட்டிலேயே உட்கார்ந்து புல் பறித்தார்கள். போகும்போது பைக்கில் ஏறியவர் மறுபடி இறங்கி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"அந்தக் கடை எங்க இருக்குன்னு சொல்லுய்யா. முழு பாட்டிலா குடுப்பானா?"

டைம் அவுட்

டோர்னமென்ட் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு பள்ளியில். காலையில் போய் இறங்கியதும் மெர்சி குழாயடிப் பக்கம் நடந்தாள். நான் பின்னால் போகவில்லை. சேவியரும் போகவில்லை. இரண்டு பேரும் பந்துப் பையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நந்தினியை அனுப்பினேன். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிறாள், அவ்வளவுதான் என்றாள். சேவியர் மூச்சு விட்டார். கையை நீட்டி, கேட்காமலே கமர்கட் வாங்கிக்கொண்டார். தண்ணீர் கேனையும் தானே எடுத்துக்கொண்டார்.

ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட் இழுத்துக்கொண்டே போனது. திடீரென்று மெர்சி தூக்கிய பந்து நெட்டைத் தாண்டி எதிராளி கையில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. என் தொண்டைக்குள் வண்டலூர் முழுக்க எழுந்து நின்றது. நானும் எழுந்து நின்றேன். டைம் அவுட் கேட்டேன். பாராட்டுவதற்கு இல்லை.

மெர்சி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழாயடியைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டாள். கோட்டோரம் சேவியர் தண்ணீர் கேனைக் கீழே வைத்துவிட்டார். ஒரு அடி எடுத்து வைத்தால் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். நான் வாயைத் திறந்துவிட்டேன், இன்னும் சத்தம் வரவில்லை. அவள் பொத்திய கையை எடுத்தாள். நேராக என்னிடம் வந்தாள். என் சட்டைப்பையில் கையை விட்டாள். ஒரு கமர்கட்டை எடுத்துத் தாளைப் பிரித்தாள்.

"அப்படியே இருங்க சார். மூடிடாதீங்க."

பல்லாவரம் சிக்னல்

போட்டுவிட்டாள். ரெஃப்ரி பார்த்துக்கொண்டிருந்தார். நவீன் பார்த்துக்கொண்டிருந்தான். சேவியர் கீழே வைத்த கேனை மறுபடி கையில் எடுத்தார். அந்த டைம் அவுட்டில் கோச் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைகள் தலையை ஒட்டவைத்துக்கொண்டு தாங்களே பேசினார்கள். எங்கேயோ சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று தெரியும். விடுங்கள். அதற்குப் பிறகு மெர்சி அப்பாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பந்தைப் பார்த்தாள். சத்தமில்லாமல் தூக்கிக் கொடுத்தாள், நந்தினி சத்தமாக அடித்தாள். கடைசியில் நந்தினியின் சர்வீஸ் ஒன்று நெட்டில் போய் விழ, மயிரிழையில் தோற்றோம். நந்தினி என்னைப் பார்த்து முருங்கைக்காயா என்று சைகையில் கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

குழாயடிக் கண்டம் தாண்டியாயிற்று. பைக் பாக்கி. தோற்ற மேட்ச், நீளமான ரோடு. சதுப்பு நிலத்தைத் தாண்டி ரேடியல் ரோட்டில் பல்லாவரம் போய், அங்கிருந்து குரோம்பேட்டை. சேவியர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். மெர்சி பையை மடியில் இறுக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். காலையில் குழாயடிக்குப் போனபோதுகூட அவள் முகம் அப்படி இல்லை. சட்டைப்பையில் துழாவினேன். ஒன்றுதான் மிச்சம். வண்டிக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டினேன். சேவியர் கமர்கட்டைப் பார்த்தார். கண்ணாடியில் பின்னால் இருந்த முகத்தையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினார். போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் சீக்கிரமே மைதானத்துக்குப் போனேன், பந்துக்குக் காற்று அடிக்க. பந்தில் காற்று சரியாகத்தான் இருந்தது. நவீன் வந்தான், நந்தினி வந்தாள், மற்றவர்களும் வந்தார்கள். எல்லோரையும் வார்ம் அப் ஓடவிட்டு, கேட்டுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் சுவரில் பந்து தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். மெர்சி. லேட்டாக வந்ததற்கு என்ன காய் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பைக்கில் அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். பந்தை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"ரேடியல் ரோடு ஃபுல்லா ஒண்ணுமே பேசல சார். பல்லாவரம் சிக்னல்ல கமர்கட் கரைஞ்சிடுச்சு போல. திரும்பிப் பார்த்து, 'பரோட்டா சாப்பிடலாமா'ன்னு கேட்டாரு."

ஆகவே இப்போது என் தொழிலுக்கு மூலதனம் விசிலும் கமர்கட்டும், இரண்டையும் ஒரே வாயில் வைத்துக்கொள்ள முடியவில்லை என்பது ஒன்றுதான் குறை.